காதில் ஒன்று, மூளையில் பல: தலைசுற்றல் மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். திரையில் உள்ள ஒரு வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து அவ்வளவாகக் கலையாது, படித்துவிடலாம். இப்போது தலையை அசைக்காமல், அதே வேகத்தில் கைப்பேசியை ஆட்டுங்கள். ஒரு எழுத்தும் பிடிபடாது. தலை அசையும்போது உள்காது அதை உடனே மூளைக்குச் சொல்லிவிடுகிறது. மூளை கண்ணை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இந்த மொத்த வேலையும் தொடங்கிவிடும். கைப்பேசி அசைவது உள்காதுக்குத் தெரியாது. கண்தான் துரத்த வேண்டும். அதற்கு அவ்வளவு வேகம் கிடையாது.

உள்காதின் செய்தி நரம்பு வழியே மின்துடிப்பாகப் போகிறது. ஆனால் ஒரு செல்லும் அடுத்த செல்லும் சந்திக்கும் இடத்தில், பெரும்பாலும், மில்லிமீட்டரில் லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. மின்துடிப்பு அதைத் தாண்டாது. முதல் செல் ஒரு வேதிப்பொருளைத் துளித்துளியாக வெளியே விடும். அடுத்த செல்லின் மேல் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த வேதிப்பொருள்தான் நரம்புக்கடத்தி. மருத்துவர்கள் நியூரோடிரான்ஸ்மிட்டர் என்பார்கள். தலைசுற்றலுக்குத் தரப்படும் மாத்திரைகளில் அநேகமாக எல்லாமே ஏதாவது ஒரு கடத்தியின் வேலையில் கைவைப்பவைதான். எந்தக் கடத்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு மாத்திரையால் எது முடியும், எது முடியாது என்பதும் புரிந்துவிடும்.

சரி, முதலில் காதுக்குள் போவோம். ஒவ்வொரு காதிலும் சமநிலைக்கென்று ஐந்து உறுப்புகள் இருக்கின்றன. மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை அறிபவை. யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு பைகள், தலை சாய்வதையும் நேர்க்கோட்டில் நகர்வதையும் அறிபவை. லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறதே, அதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. இந்த இரண்டு பைகளுக்குள்ளும் ஒரு பிசின் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். இந்தத் துகள்களைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கும்.

ஐந்து உறுப்புகளிலும் உண்மையான வேலைக்காரர்கள் மயிர்ச்செல்கள். ஒரு மயிர்ச்செல்லின் தலையில் நுண்ணிய இழைகள் கட்டாக நிற்கும், உயர வரிசைப்படி, குட்டையிலிருந்து நெட்டை வரை. ஒவ்வொரு குட்டை இழையின் நுனியும் பக்கத்து நெட்டை இழையோடு மெல்லிய நூல் ஒன்றால் கட்டப்பட்டிருக்கும். தலை திரும்பியதும் குழாய்க்குள் இருக்கும் திரவம் பின்தங்கும், இழைக்கட்டு சாயும். நெட்டை இழை இருக்கும் பக்கம் சாய்ந்தால் நூல் இறுகி, இழையின் நுனியில் இருக்கும் வாயில் திறக்கும். வெளியே இருக்கும் எண்டோலிம்ப் என்ற திரவத்தில், இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு பொட்டாசியம் இருக்கிறது. அது உள்ளே பாயும். செல்லின் மின்னழுத்தம் மாறும். செல்லின் அடிப்பகுதியில் கால்சியம் வாயில்கள் திறக்கும். கால்சியம் நுழைந்த கையோடு குளூட்டமேட் வெளியே கொட்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நூல் தளர்ந்து, வாயில் மூடி, குளூட்டமேட் குறையும்.

குளூட்டமேட்தான் காதிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியின் முதன்மைக் கடத்தி. மூளையில் வேறு எங்கும் காணாத அபூர்வப் பொருள் ஒன்றும் அல்ல. மூளையில் 'கிளம்பு' என்று சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை இதே பொருளால்தான் போகின்றன. காதில் விசேஷம் அதை வெளியிடும் விதத்தில் இருக்கிறது. மயிர்ச்செல்லின் அடியில் ரிப்பன் என்ற ஒரு புரதக் கட்டமைப்பு உண்டு. குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தயாராக நிற்கும். ஒரு பை காலியானால் அடுத்தது உடனே இறங்கும். அதனால் மயிர்ச்செல்லுக்கு ஓய்வு என்பதே கிடையாது. நீங்கள் அசையாமல் உட்கார்ந்து இதைப் படிக்கும்போதும் குளூட்டமேட் கசிந்துகொண்டுதான் இருக்கிறது, நரம்பும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. குரங்குகளில் அளந்தபோது, தலை அசையாத நிலையிலேயே ஒரு நரம்பிழை நொடிக்குச் சராசரியாக 90 முறை துடித்தது.

சும்மா இருக்கும்போது எதற்கு இத்தனை துடிப்பு? அங்கேதான் இந்த அமைப்பின் சாமர்த்தியம் இருக்கிறது. அடிப்படையில் 90 துடிப்பு இருந்தால் ஒரு பக்கம் திரும்பும்போது கூட்டலாம், மறுபக்கம் திரும்பும்போது குறைக்கலாம்; ஒரே நரம்பு இரண்டு திசையையும் சொல்லிவிடும். இரட்டை மாட்டு வண்டியில் இரண்டு மாடுகளும் சமமாக இழுத்தால் வண்டி நேரே போகும். ஒன்று சோர்ந்து நின்றுவிட்டால், மற்றது ஒன்றும் தப்பு செய்யாமலேயே வண்டி வட்டமடிக்கும். இரண்டு காதுகளும் அப்படித்தான். வலப்பக்கம் தலையைத் திருப்பினால் வலக்காதின் துடிப்பு கூடும், இடக்காதின் துடிப்பு குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று படிக்கிறது. தலை அசையாமலேயே இந்த வித்தியாசம் வந்துவிட்டால், வீடே சுற்றும்.

மயிர்ச்செல்களில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகையில், உருளை வடிவச் செல்லின் அடியில் நரம்பு நுனிகள் சின்னச் சின்னப் பொட்டுகளாக வந்து ஒட்டும். பாடப்புத்தகத்தில் வரும் சாதாரண நரம்பிணைப்பு மாதிரி. முதல் வகை விநோதமானது. அங்கே நரம்பு நுனி ஒரு கிண்ணமாக விரிந்து, செல்லைக் கழுத்துவரை மூடிக்கொள்கிறது. ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் ஆகியவற்றில் இந்த அமைப்பு இருக்கிறது. இந்தக் கிண்ணத்துக்குள் குளூட்டமேட்டுடன் இன்னொன்றும் நடக்கிறது. செல்லிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் குறுகிய இடைவெளியில் சேர்ந்து, எந்தக் கடத்தியின் தயவும் இல்லாமல் நரம்பின் மின்னழுத்தத்தை நேரடியாக மாற்றுகிறது. நுண்பை நிரம்பி, உடைந்து, பரவி, ஏற்பியில் ஒட்டும் நேரமெல்லாம் மிச்சம். 2023இல் அமெரிக்காவின் ரைஸ், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரியின் மூலம் இந்தப் பொட்டாசிய வழியையும், அதைவிட வேகமான ஒரு மின் வழியையும் பிரித்துக் காட்டினார்கள். கைப்பேசிச் சோதனையில் பார்த்த வேகத்துக்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம்.

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மயிர்ச்செல்களைக் கொல்லக்கூடியது. அதில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் இந்த முதல் வகைதான். பறவைகளுக்கு மயிர்ச்செல்கள் திரும்ப முளைக்கும். நமக்குப் பயன்படும் அளவுக்கு முளைப்பதில்லை. அந்த இழப்பை எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் கடத்தியை விடுவதற்கு அங்கே செல்லே இல்லை.

இதுவரை சொன்னது காதிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி. மூளையிலிருந்து காதுக்கும் ஒரு சிறு பாதை இறங்கி வருகிறது. அதன் கடத்தி அசிட்டைல்கோலின். இந்தப் பெயரைத் தசைப் பாடத்தில் பலர் படித்திருப்பார்கள்: தசையில் அசிட்டைல்கோலின் விழுந்தால் தசை சுருங்கும். அதே பொருள் இரண்டாம் வகை மயிர்ச்செல்லின் மேல் விழுந்தால் செல் அடங்கிவிடுகிறது. அங்குள்ள ஏற்பி கால்சியத்தை உள்ளே விடும். அந்தக் கால்சியம் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பொட்டாசிய வாயிலைத் திறந்துவிடும். பொட்டாசியம் வெளியேற, குளூட்டமேட் கசிவு குறையும். அதே அசிட்டைல்கோலின் நரம்பு நுனியில் உள்ள வேறு ஏற்பிகளில் விழுந்தால் துடிப்பு கூடுகிறது. கடத்தி என்பது வெறும் சாவி. எந்தக் கதவு திறக்கும் என்பது ஏற்பியைப் பொறுத்தது. 'இந்தக் கடத்தி நல்லது, அது கெட்டது', 'இது கூடினால் மகிழ்ச்சி, அது கூடினால் பதற்றம்' என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுவே போதும்.

மூளைத்தண்டை எட்டியதும் கதை சிக்கலாகிறது. காது நரம்பு குளூட்டமேட்டை வெளியிட்டுவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அங்கே வெஸ்டிபுலர் உட்கருக்கள் என்ற நரம்புக் கூட்டங்கள், பக்கத்துக்கு நான்காக இருக்கின்றன. அங்கிருந்து கண்ணை அசைக்கும் நரம்புகளுக்குச் செய்தி போக வேண்டும். தலையை வலப்பக்கம் திருப்பினால் இரண்டு கண்களும் இடப்பக்கம் நகர வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு பக்கத் தசையை இழுக்கச் சொன்னால் மட்டும் போதாது, எதிர்ப்பக்கத் தசையைத் தளர்த்தவும் சொல்ல வேண்டும். இழுக்கச் சொல்வது குளூட்டமேட். தளர்த்தச் சொல்வது கிளைசின். கண்ணை மேலும் கீழும் நகர்த்தும் பாதைகளில் தளர்த்தும் வேலையைக் காபா என்ற கடத்தி செய்கிறது.

காபாவுக்கு இங்கே இன்னும் பெரிய பொறுப்பு உண்டு. சிறுமூளையின் பர்க்கின்ஜி செல்கள் காபாவை வெளியிட்டு இந்த உட்கருக்களை அடக்கி, கண்ணசைவின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. புதுக் கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாள் தரை மேடுபள்ளமாகத் தெரிந்து, அப்புறம் சரியாகிவிடுவது இந்தத் திருத்தத்தால்தான். இடப்பக்க உட்கருக்களும் வலப்பக்க உட்கருக்களும் ஒன்றையொன்று அடக்குவதிலும் காபாவும் கிளைசினும் பங்கெடுக்கின்றன. இவை போதாதென்று ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின், நார்அட்ரினலின் எல்லாம் மேலே இருந்து வந்து விழுந்து, மொத்தப் பேச்சின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கின்றன.

மாத்திரைகள் கைவைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காதில் இருக்கும் குளூட்டமேட்டைத் தடுத்தால் தலைசுற்றல் அடங்குமே என்று தோன்றலாம். ஆனால் குளூட்டமேட்டை உடல் முழுக்கத் தடுத்தால் மூளையே மந்தமாகிவிடும். ஆகவே மருந்துகள் சுற்றுவழியாக வருகின்றன.

ஹிஸ்டமின் என்றதும் அரிப்பும் தும்மலும்தான் நினைவுக்கு வரும். மூளையில் அது ஒரு நரம்புக்கடத்தி. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் இருக்கும் ஒரு சிறு செல்கூட்டம் அதைத் தயாரித்து மூளை முழுக்க அனுப்புகிறது. நம்மை விழித்திருக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. சமநிலைப் பாதையில் அதற்கு உள்ள தொடர்பு மருத்துவத்துக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற இரு மருத்துவர்கள் ஒவ்வாமைக்காக ஒரு புதிய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தோல் தடிப்புக்காக அதைச் சாப்பிட்ட ஒரு கர்ப்பிணி, எப்போதும் டிராம் வண்டியில் வரும் குமட்டல் இப்போது வரவில்லை என்று சொன்னார். அந்த மருந்துதான் டைமென்ஹைட்ரினேட், பிற்பாடு டிராமமின் என்று பெயர் வாங்கியது. அடுத்து, நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு துருப்புக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன் நம்மூரில் பலர் போட்டுக்கொள்ளும் அவோமினும் இதே குடும்பம். உள்ளே இருப்பது புரோமெத்தசின். பயண வாந்தியில் காது பழுதாவதில்லை. பேருந்துக்குள் கண் பார்ப்பது அசையாத முன்சீட்டை, காது சொல்வது 'வளைகிறோம்' என்பதை. இந்த முரண்பாடு மூளைத்தண்டில் குமட்டலைக் கிளப்புகிறது. புரோமெத்தசின் அங்கே ஹிஸ்டமின் ஏற்பியையும் அசிட்டைல்கோலின் ஏற்பியையும் அடைத்துவிடுகிறது. விழிப்பைத் தரும் ஹிஸ்டமினை அடைத்தால் தூக்கம் வருவது இயல்புதானே? 'தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை இருக்கிறதே, செட்டிரிசினோ ஃபெக்ஸோஃபெனடினோ போடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. மூளைக்குள் சரியாக நுழையாததால்தான் அவற்றால் தூக்கம் குறைவு. நுழையாத மருந்து பயண வாந்தியையும் நிறுத்தாது. பக்கவிளைவும் பலனும் ஒரே கதவால் உள்ளே வருகின்றன.

இந்த விஷயத்தைப் பளிச்சென்று காட்டுவது ஸ்கோபாலமின் பட்டை. காதுக்குப் பின்னால் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு வட்டம். மூன்று நாள் வேலை செய்யும். கப்பல் பயணிகள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். காதுப் பிரச்சினை, அதனால் காதுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த இடத்துத் தோல் மருந்தை எளிதாக உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். மருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் என்ற வகை ஏற்பிகளை அடைக்கிறது. வாய் உலர்வதும், பார்வை மங்குவதும், வயதானவர்களுக்குக் குழப்பம் வருவதும் அதே அடைப்பின் விளைவுகள். நம்மூர் வேலியோரத்து ஊமத்தையில் இருப்பதும் இதே ஸ்கோபாலமின்தான். ஊமத்தை தின்றவர் கண்பாப்பா விரிந்து பிதற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டையில் அளவு மில்லிகிராம் கணக்கில் கட்டுப்பட்டிருக்கிறது; செடியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, அது விஷம்.

கீமோதெரபி வாந்திக்குப் பிரமாதமாக வேலை செய்யும் ஒண்டான்செட்ரான் பயண வாந்தியில் சோபிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அது அடைப்பது செரோட்டோனின் ஏற்பி ஒன்றை. குடலிலிருந்து கிளம்பும் குமட்டல் அந்த வழியில் வருகிறது, காதிலிருந்து கிளம்புவது வேறு வழி. வாந்தி ஒன்றுதான், பாதை வேறு.

ஒரு காது உண்மையிலேயே செயலிழந்தால் என்ன ஆகும்? காதின் சமநிலை நரம்பில் அழற்சி வந்தால், பெரும்பாலும் வைரஸால், ஒரு பக்கத் துடிப்பு திடீரென்று நின்றுபோகும். அந்த மனிதர் படுக்கையிலிருந்து எழ முடியாமல், கண் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்க, வாந்தியோடு கிடப்பார். காபா வேறு நிலைமையை மோசமாக்குகிறது: நல்ல பக்கத்து உட்கரு, ஏற்கெனவே சத்தமில்லாமல் கிடக்கும் மறுபக்கத்தைக் காபாவால் இன்னும் அமுக்கும். ஆனால் சில நாட்களில் மூளை சுதாரித்துக்கொள்கிறது. அமுக்கப்பட்ட செல்கள் காபாவுக்குக் காட்டும் உணர்திறன் மாறுகிறது, அவை தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன, இரண்டு பக்கமும் மெல்லச் சமமாகின்றன. காது சரியாகாவிட்டாலும்கூட மனிதர் நடமாடத் தொடங்குவார்.

டயஸிபாம், குளோனசிபாம் போன்றவை காபாவின் கையை வலுப்படுத்துபவை. முதல் ஓரிரு நாள் தவிப்பை அவை குறைக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால், மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலையே தாமதமாகிவிடும். அசைந்தால்தான் பிழை எங்கே என்று மூளைக்குத் தெரியும். மயங்கிக் கிடந்தால் தெரியாது. அதனால்தான் விவரமான மருத்துவர்கள் மாத்திரையைச் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டு, தலையையும் கண்ணையும் அசைக்கும் பயிற்சிகளைத் தருகிறார்கள். ஒன்றைமட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்: சுற்றலோடு பேச்சு குழறினால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், கை கால் வலுவிழந்தால், அல்லது நிற்கவே முடியாமல் போனால், அது பக்கவாதமாக இருக்கலாம். மாத்திரை தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் நாட்டில் தலைசுற்றல் என்றாலே எழுதப்படும் பீட்டாஹிஸ்டினுக்கு வருவோம். வடிவத்தில் ஹிஸ்டமினின் உறவுக்காரர். ஹிஸ்டமின் வெளியாவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பி ஒன்றை அது அடைப்பதால் மூளையில் ஹிஸ்டமின் கூடுகிறது. விலங்குகளில் உள்காதின் இரத்த ஓட்டத்தையும் கூட்டுகிறது. அதாவது அவோமின் ஹிஸ்டமினைத் தடுக்கிறது, பீட்டாஹிஸ்டின் கூட்டுகிறது, இரண்டும் தலைசுற்றல் மருந்து! தாளில் பார்த்தால் பீட்டாஹிஸ்டினின் நியாயம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெனியர் என்ற, அடிக்கடி தலைசுற்ற வைக்கும் உள்காது நோய் உள்ள 221 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் பீட்டாஹிஸ்டின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுற்றல் ஒரே அளவில்தான் குறைந்தது. இதைப் பார்த்து யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது.

கடைசியாக அந்தச் சுண்ணாம்புத் துகள்கள். படுக்கையில் புரண்டதும், அண்ணாந்து பரணில் எதையோ எடுக்கப் போனதும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் பலமான சுற்றல் வருகிறதே, உள்காதால் வரும் சுற்றல்களில் அதுதான் மிகச் சாதாரணம். யூட்ரிக்கிளிலிருந்து துகள்கள் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டன என்று பொருள். தலை சாயும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. மயிர்ச்செல் தன் கடமையைச் செய்து குளூட்டமேட்டைக் கொட்டுகிறது. இங்கே எந்தக் கடத்தியிலும் கோளாறு இல்லை, ஏற்பியிலும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி, படுக்க வைத்துத் தலையைப் படிப்படியாகத் திருப்பினால் துகள்கள் உருண்டு வந்த இடத்துக்கே திரும்பிவிடும். பயிற்சி பெற்ற ஒருவர் செய்தால் சில நிமிட வேலை. பலருக்கு அதற்குப் பிறகு மாத்திரையே தேவைப்படாது.